குரல் கம்மாத தொண்டை வலி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம். உங்கள் நலமறிய ஆவல் என்ற அடுத்த வரியை எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன், இன்றைக்குப் பேனா அங்கேயே நின்றுவிட்டது, ஏனென்றால் என் பேத்தி வாலுவுக்கு நலமில்லை என்று எனக்குத் தெரியும், எவ்வளவு நலமில்லை என்று உனக்குத்தான் இன்னும் தெரியவில்லை. மூன்று நாள் மௌனம், காலையும் சாயங்காலமும் ஒரே ஒரு தடவை செய்திகளைப் பார்ப்பேன், மற்ற நேரம் ஃபோனை அணைத்து வைக்கிறேன் என்று நீ எழுதியதைப் பார்த்துவிட்டும் ஏழு தடவை கூப்பிட்டேன். மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன், அவர் வேலை செய்யும் இடத்தில் ஃபோனை வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்களாமே, அதுவும் அடித்து அடித்து ஓய்ந்தது. உடனே டாக்டரிடம் காட்டு என்று நான் அனுப்பிய செய்திக்கு மட்டும் காலையில் உன் பதில் வந்தது. "குரல் சுத்தமா இருக்கும்மா, கரகரப்பே இல்ல. நீ சொல்லிக் கொடுத்த வைத்தியம்தான், மூணு நாள் வாய மூடினா சரியாயிடும், பயப்படாதே" என்று எழுதியிருந்தாய். அந்தக் குரல் சுத்தமாக இருக்கிறது என்பதுதான் என் பயமே. நான்கு வரியில் சொன்னால் நீ கேட்க மாட்டாய், பிடிவாதத்தில் நீ யாருக்கும் குறைந்தவள் இல்லை, அதனால் உட்கார்ந்து கடிதமாகவே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவார், சாயங்காலம் நீ ஃபோனைத் திறக்கும்போது இது இருக்கும். முதலில் ஒன்று செய். பேசக் கூடாது என்று எழுதி அவள் கழுத்தில் மாட்டியிருக்கும் அந்த அட்டையைக் கழற்று, ஒரு ஸ்வெட்டரைப் போட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. மீதியை அங்கே காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு நேற்றுக் கண் பரிசோதனை. கண்ணாடி மாற்ற வேண்டாம், எனக்கு எல்லாம் தெரிகிறது என்று ஒரு மாதமாக அடம், போன வாரம் உப்பு டப்பாவிலிருந்து டீக்கு இரண்டு கரண்டி போட்டுக் குடித்துவிட்டு டீத்தூள் மட்டம் என்று என்னிடம் சண்டைக்கு வந்தார், அதற்குப் பிறகுதான் வாயடைத்துப் போய் என்னோடு கிளம்பினார். கண் டாக்டர் இருப்பது அந்தப் பழைய கட்டடம்தான், உன் தாத்தா நாலாவது மாடியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தாரே அதே கட்டடம், அதே மாடி. சுவரெல்லாம் இடித்து வெள்ளை அடித்துவிட்டார்கள், ஆனால் தாத்தா சத்தம் வெளியே போகாமல் இருக்க வைத்த அந்தக் கனமான கதவு மட்டும் இன்னும் இருக்கிறது, அதைச் சாத்தினால் வராந்தாவில் இருக்கும் ஆட்களின் பேச்சு சட்டென்று நின்றுவிடுகிறது, உதடு மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அசைகிறது. லிஃப்டும் பழையதுதான். உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன், உன் சித்தி, என் தங்கை, அவள் குரல் ஒவ்வொரு மாடியாகச் சொல்லிக்கொண்டே வந்தது, அந்தப் பாப்பா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டு நீ என் கையை விடவே இல்லை. கட்டட முதலாளிக்கு அப்போது ஒரு ஆசை, குழந்தைக் குரல் மாடியைச் சொன்னால் வருகிறவர்கள் சிரித்த முகத்தோடு இறங்குவார்கள் என்று. முதலில் நாடாவில் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு யாரோ அதைச் சின்னப் பெட்டிக்குள் மாற்றினார்கள். ஐம்பது வருஷமாக ஒன்பது வயதுப் பெண் அங்கே நின்று கதவு மூடுகிறது தள்ளி நில்லுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், சொல்லிக்கொண்டிருப்பவள் போய் நாற்பது வருஷம் ஆகப்போகிறது.

நேற்று அப்பாவுக்குக் கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்திருந்தபோதுதான் வாலு அனுப்பிய குரல் செய்தி வந்தது. பாட்டி, நாளையிலேர்ந்து மூணு நாள் பேச மாட்டேன், அம்மா அட்டை எழுதிட்டாங்க, தண்ணி குடிச்சா கண்ணாடிய முழுங்குற மாதிரி இருக்கு, நீ அழாத. அவ்வளவுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது, நான் எதற்கு அழப்போகிறேன் என்று. குரல் சுத்தமாக இருந்தது. நீயும் நானும் குரலை விற்றுச் சாப்பிட்டவர்கள், நீ புத்தகங்களை வாசித்துப் பதிகிறாய், நான் முப்பது வருஷம் தொலைபேசி இலாகாவில் இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று சொல்லியே ஓய்வு பெற்றவள், ஒரு குரலில் ஒரு துளிக் கரகரப்பு இருந்தால் அடுத்த தெருவிலிருந்தே கண்டுபிடித்துவிடுவோம். இருமல் இல்லை, மூக்கடைப்பு இல்லை, வார்த்தை ஒவ்வொன்றும் கழுவித் துடைத்து வைத்தது போல இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ஒரு விழுங்கல். சாதாரணமாக எச்சில் விழுங்குவது போல இல்லை, முதலில் தயங்கி, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, பிறகு தொண்டையை இறுக்கி விழுங்குகிற சத்தம். அப்போது எனக்கு அது என்னவென்று உறைக்கவில்லை, எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று மட்டும் தோன்றியது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறினேன், கதவு மூடியது. கதவு மூடுகிறது, தள்ளி நில்லுங்கள் என்றாள் உன் சித்தி. பிறகு விழுங்கினாள்.

நான் சொல்வதை நிதானமாகப் படி. அந்தப் பதிவில் விழுங்கல் கிடையாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் தாத்தா அதை வெட்டி எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அப்போதெல்லாம் நாடாவைக் கையால் மெதுவாக உருட்டி, வேண்டாத சத்தம் இருக்கும் இடத்தில் வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டு, சவரப் பிளேடால் வெட்டி, இரண்டு நுனியையும் ஒட்டுவார்கள். மூச்சு, நாக்குச் சொடுக்கு, விழுங்கல், எல்லாம் வெட்டப்பட வேண்டியவைதான். அன்றைக்கு மட்டும் விரல் நீளத்துக்குப் பதினொரு துண்டுகள், தரையில் பழுப்பாகச் சுருண்டு கிடந்ததை நான்தான் பெருக்கி அள்ளிக் குப்பையில் போட்டேன். ஐம்பது வருஷத்தில் நூறு தடவையாவது அந்த லிஃப்டில் போயிருப்பேன், ஒருநாளும் அது கேட்டதில்லை. நேற்றுக் கேட்டது. மூன்றாவது மாடி என்றாள், விழுங்கினாள். இரண்டாவது மாடி என்றாள், விழுங்கினாள். கீழே வந்ததும் நான் இறங்கவில்லை, மறுபடி மேலே போகும் பொத்தானை அழுத்தினேன். கண்ணில் மருந்தோடு எதுவும் தெரியாமல் நின்ற அப்பா, வீட்டுக்குப் போகிற உத்தேசம் இருக்கிறதா என்று கேட்டார். நான்கு தடவை மேலும் கீழும் போனோம், காவலாளி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளுங்கள், தண்ணீர் வேண்டுமா என்றார். முதல் மூன்று தடவையும் விழுங்கல் இருந்தது. நாலாவது தடவை இல்லை, வழக்கமான சுத்தமான குரல்தான். அப்பாவைக் கேட்டால் கதவுச் சத்தம்தான் கேட்டது என்கிறார். கொஞ்சம் முன்னால் கேட்ட வாலுவின் சத்தத்தை என் காதே கொண்டுபோய் அங்கே ஒட்டியிருக்கலாம், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

உன் சித்திக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். அது பொய். பிறக்கும்போது அவள் இதயம் உன்னுடையதைப் போல, என்னுடையதைப் போல நன்றாகத்தான் இருந்தது. அது கெட்டது ஒரு தொண்டை வலியால். எங்கள் வீட்டில் தாத்தா பதிவு செய்கிறவர், என் அம்மா கடைகளுக்கும் பேருந்து நிலையத்துக்கும் அறிவிப்பு வாசிக்கிறவர், சோறு போட்டதே தொண்டைதான், அதனால் தொண்டைக்கு எங்கள் வீட்டில் தனிச் சட்டம். வலி என்று சொன்னால் உடனே அட்டை, அட்டை மாட்டினால் மூன்று நாள் பேசக் கூடாது, வேண்டியதைச் சிலேட்டில் எழுத வேண்டும், வெதுவெதுப்பாக உப்புத் தண்ணீர், அவ்வளவுதான். வாயைத் திறக்கச் சொல்லி யாரும் உள்ளே பார்த்ததே இல்லை. கேட்பதுதான் எங்கள் தொழில், பார்ப்பது இல்லை. குரல் கம்மியிருந்தால் பெரிய வியாதி, குரல் சுத்தமாக இருந்தால் ஒன்றுமில்லை, இதுதான் எங்கள் கணக்கு, நானும் அதையே உனக்குச் சொல்லிக் கொடுத்துத் தொலைத்தேன். அன்றைக்குப் பதிவுக்குப் போகும் வழியில் உன் சித்தி தொண்டை வலிக்கிறது என்றாள், தாத்தா ஒரு வாக்கியம் பேசச் சொல்லிக் கேட்டார், மணி மாதிரி இருந்தது, போ உள்ளே என்றார். கன்னம் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தது, வாயைச் சுற்றி மட்டும் வெளுத்து ஒரு வளையம். பதிவுக்கூடத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பேசும்போது அந்த வெள்ளை வளையத்துக்குள்ளேயிருந்து குரல் வருவது போல இருந்தது எனக்கு, அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. தாத்தாவுக்கு எரிச்சல், எதற்கு இப்படி ஒவ்வொரு வரிக்கும் விழுங்குகிறாய் என்று இரண்டு தடவை கடிந்துகொண்டார். பதினொரு இடத்தில் வெட்டினாரே தவிர, இந்தக் குழந்தை ஏன் விழுங்குவதற்கு இவ்வளவு கஷ்டப்படுகிறது என்று ஒரு தடவை நினைக்கவில்லை. எந்தத் தகப்பனும் அதை நினைத்திருப்பான். சத்தத்தைச் சுத்தம் செய்கிற தகப்பன் அதைக் குப்பை என்று நினைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அட்டை மாட்டினார்கள். மூன்று நாள் காய்ச்சலோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், நாலாம் நாள் காய்ச்சல் விட்டது, ஐந்தாம் நாள் வலியும் போய்விட்டது, எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்டாள். பார்த்தாயா மௌனத்தின் மகிமையை என்று என் அம்மா பெருமைப்பட்டார். இதுதான் நீ கவனிக்க வேண்டிய இடம். உன் வாலுவுக்கும் நாலைந்து நாளில் தானாகவே சரியாகிவிடும், அதை நினைத்துத்தான் நான் பயப்படுகிறேன். சரியாகிவிட்டது என்று நீயும் பெருமைப்படுவாய். உன் சித்தி பள்ளிக்கூடம் போனாள், சண்டை போட்டாள், பதினெட்டு நாள் ஒன்றுமே இல்லை. பத்தொன்பதாம் நாள் காலையில் முழங்கால் வீங்கியிருந்தது, எங்கேயோ விழுந்திருப்பாள் என்றார்கள். இரண்டு நாளில் முழங்கால் வீக்கம் வற்றிப் போய் முழங்கை வீங்கியது, பிறகு மணிக்கட்டு, உள்ளே ஏதோ ஒன்று அறை அறையாகப் புகுந்து பார்த்துக்கொண்டு போவது போல. கடைசியில் அது நெஞ்சுக்குப் போனது. படுத்தால் மூச்சு வாங்கியது, தலையணையை நிமிர்த்தி உட்கார்ந்தபடியே இருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு வயதான லேடி டாக்டர், நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, போன மாதம் தொண்டை வலி வந்ததா என்றார். வந்தது, தானாகவே போய்விட்டது என்றார் அம்மா. குரல் கம்மியதா, இருமினாளா, மூக்கு ஒழுகியதா என்று வரிசையாகக் கேட்டார். இல்லவே இல்லை, குரல் மணி மாதிரி இருந்தது என்று தாத்தா ஏதோ நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னார். அந்த டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

அவர் சொன்னதைத்தான் உனக்குச் சொல்கிறேன், பிறகு எத்தனையோ டாக்டர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதும்கூட. சளியால் வரும் தொண்டை வலி மூக்கையும் இழுத்துக்கொண்டு வரும், இருமலும் குரல் கம்மலுமாக ஆர்ப்பாட்டம் செய்யும், பெரும்பாலும் ஓய்விலேயே போய்விடும். இது வேறு, இது ஒரு கிருமி. சொல்லாமல் கொள்ளாமல் திடுதிப்பென்று வரும், காலையில் ஓடியாடின குழந்தை சாயங்காலம் துவண்டுவிடும். காய்ச்சல் இருக்கும், விழுங்கினால் உயிர் போகும், ஆனால் இருமாது, தும்மாது, குரலைத் தொடாது. கூடவே தலைவலி இருக்கும், வயிறு வலிக்கும், சில பிள்ளைகள் வாந்தி எடுக்கும், தொண்டைக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் விட்டுவிடுவோம். ஒரு டார்ச்சை எடுத்து வாயைத் திறந்து பார். உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் இருக்கும் சதை வீங்கிச் சிவந்து, மேலே தயிர் சிந்தியது போல வெள்ளைத் திட்டு இருக்கலாம், மேலண்ணத்தில் குண்டூசியால் குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள் இருக்கலாம். தாடைக்குக் கீழே கழுத்தின் முன்பக்கம் விரலால் மெல்லத் தடவு, கோலிக்குண்டு மாதிரி உருண்டு வலித்தால் அதுவும் ஒரு அடையாளம். நாக்கு திட்டுத் திட்டாகச் சிவந்திருக்கிறதா, நெஞ்சிலோ அக்குளிலோ உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகத் தடித்திருக்கிறதா பார். நீ அனுப்பிய படத்தில் அட்டை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறாளே, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கன்னம் சிவந்து வாயைச் சுற்றி வெளுத்திருக்கிறது. உனக்கு அது வெளிச்சக் கோளாறாகத் தெரிந்திருக்கும். எனக்கு அது பதிவுக்கூடக் கண்ணாடியில் பார்த்த முகம். இதெல்லாம் இருந்தாலும் இது அதுதான் என்று நீயும் நானும் தீர்மானிக்க முடியாது, சில பிள்ளைகளுக்கு இதில் ஒன்றிரண்டுதான் தெரியும், டாக்டர் பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் தொட்டுச் சோதித்தால்தான் நிச்சயம். அதனால் சோதிக்கச் சொல்லி நீயே வாய் திறந்து கேள். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டாலோ, வாயைத் திறக்க முடியாவிட்டாலோ, மூச்சுக்குத் திணறினாலோ யாரையும் கேட்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

உன் சித்தி அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தாள். இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடாமல் போய்விட்டது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். படி ஏறக் கூடாது என்பதால் தாத்தாவைப் பார்க்க அந்த லிஃப்டில்தான் வருவாள், தன் குரல் சொல்வதைக் கேட்டுக்கொண்டே. பதினாறு பதினேழு வயதில் ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் போனபோது, "இந்தப் பொண்ணு யாருக்கா, எனக்கு அடையாளமே தெரியல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இருபத்தொரு வயதில் போய்விட்டாள். மறுநாள் தாத்தா பதிவுக்கூடத்தைத் திறக்கப் போனபோது லிஃப்டில் ஏறாமல் படியில் ஏறினார், அதற்குப் பிறகு கடைசிவரை படிதான்.

இதுவரை சொன்னதை வீட்டில் எல்லோரும் அறிவோம், உன்னிடம்தான் மறைத்தோம். இனிமேல் சொல்லப் போவது யாருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அந்த மூன்று நாளில் இரண்டாம் நாள் மத்தியானம் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன், எனக்குப் பன்னிரண்டு வயது. அவள் என் முழங்கையைத் தட்டிச் சிலேட்டைக் காட்டினாள். வயிறு வலிக்குது, தலை வெடிக்குது, முழுங்க முடியல, அம்மாகிட்ட சொல்லு என்று எழுதியிருந்தாள், எழுத்து கீழ்நோக்கிச் சரிந்துகொண்டே போனது. நான் படித்தேன். படித்துவிட்டு என் சட்டைக் கையால் துடைத்தேன். சொல்கிறேன் என்று தலையாட்டினேன், சொல்லவில்லை. ஏன் என்று கேள். முதல் நாள் பதிவில் நாலாவது மாடி என்ற வரி கெட்டுப் போயிருந்தது, அந்த வார்த்தைக்கு நடுவிலேயே விழுங்கிவிட்டாள், அதை வெட்டி எடுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் யாராவது வந்து அந்த ஒரு வரியை மறுபடி பேச வேண்டும், முதலாளி அவசரப்படுகிறார். எப்போதும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், என் குரலில் ஜீவன் இல்லை என்று தாத்தா நான் கேட்கும்படியே சொல்லியிருக்கிறார். அவளுக்கு இவ்வளவு முடியவில்லை என்று தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், அவளுக்காகப் பதிவைத் தள்ளிப்போடுவார்கள், அவள் எழுந்து வந்து பேசிவிடுவாள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாளும் அட்டை கழுத்தில் இருக்கும், அவளால் வர முடியாது, என்னைத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அப்படியேதான் நடந்தது. நாலாவது மாடி என்று சொல்வது நான். இரண்டு குரலும் ஒன்று போலவே இருக்கிறது, யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று தாத்தா முதல்முறையாக என் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு அவளே போய்விட்ட பின்பு எல்லா மாடியும் அவள்தான் என்று எல்லோரும் பேசத் தொடங்கினார்கள், நான் திருத்தவில்லை. மூன்று மாடிவரை அவள் என்னோடு கூட வருகிறாள், நாலாவதில் கதவு திறக்கும்போது நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

அந்த ஒரு மத்தியானம் நான் சமையலறைக்கு எழுந்து போயிருந்தால், பத்து நாள் மருந்தில் முடிந்திருக்கும். அந்த லேடி டாக்டர் அதையும் சொன்னார், ஒரு வாரத்துக்குள் காட்டியிருந்தால்கூடப் போதும், இதயத்துக்குப் போயிருக்காது என்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஆகிவிடுவதில்லையாம், பெரும்பாலானவர்கள் தப்பிவிடுவார்களாம். இருக்கட்டும். எந்தப் பிள்ளை தப்பும் எந்தப் பிள்ளை தப்பாது என்று முன்கூட்டியே தெரிந்தவர் யாரும் இல்லை. இதை உனக்கு எழுத வேண்டியதில்லை, டாக்டரிடம் போ என்று மட்டும் எழுதி நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. உன் வீட்டிலும் இப்போது ஒரு குழந்தை கழுத்தில் அட்டையோடு, காகிதத்தில் என்னமோ எழுதி வைத்துக்கொண்டு, யாராவது படிப்பார்களா என்று உட்கார்ந்திருக்கிறாள். நீயும் அவளோடு சேர்ந்து மௌனமாக இருக்கிறாய் என்று எழுதியிருந்தாய், நல்ல தாய்தான் நீ, ஆனால் அந்த வீட்டில் கேட்பதற்கு யாருமே இல்லை என்றல்லவா ஆகிவிட்டது. உன்மேல் கோபமில்லை. உன்னிடம் இதைக் கொடுத்தவள் நான், எனக்குக் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள்.

சோதனையில் அதுதான் என்று வந்தால் டாக்டர் மருந்து கொடுப்பார், வீட்டில் மீந்து கிடக்கிற எதையாவது கொடுக்காதே. மருந்து ஒத்துக்கொள்ளாமல் முன்னால் எப்போதாவது உடம்பு தடித்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடு. இரண்டு நாளில் குதிக்க ஆரம்பித்துவிடுவாள், அதைப் பார்த்து நிறுத்திவிடாதே, எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாளும் கொடு. மருந்து ஆரம்பித்து ஒரு நாளாவது ஆகட்டும், பிறகு பள்ளிக்கூடம் அனுப்பு, அவள் தம்ளரையும் கரண்டியையும் தனியாக வை, உனக்கும் வலித்தால் நீயும் காட்டிக்கொள். சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால் இந்தக் கிழவியைப் பைத்தியம் என்று சொல்லிச் சிரித்துக்கொள், வாழ்நாளெல்லாம் கேலி செய், சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன். என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்ற யோசனை இதை எழுத ஆரம்பிக்கும்போது இருந்தது, இப்போது இல்லை, அதையெல்லாம் பிறகு எப்போது வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். என் செல்லங்கள் இரண்டு பேரும் நூறு வயது நோயில்லாமல் இருக்க வேண்டும், வாலுவின் வாய் ஓயாமல் பேசிப் பேசி உன் காது புளிக்க வேண்டும், இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குத் தெரியவில்லை. மறக்காமல் அவளிடம் தொண்டையைத் தவிர வேறு எங்கே வலிக்கிறது என்று கேள், கேட்டுவிட்டு அவள் சொல்லி முடிக்கும்வரை இரு.

இப்படிக்கு,
உன் அம்மா

மகளுக்கு, அப்பா எழுதுவது. புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை, பழையதைப் போட்டுக்கொண்டு படம் எடுக்கும்போது ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டேன். உன் அம்மா அடுத்த அறையில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள், இன்னும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ குழந்தையைப் பார். நேற்று அந்த லிஃப்டில் கதவுச் சத்தம் மட்டும்தான் கேட்டது என்று அவளிடம் சொன்னேன், அவள் ஏற்கனவே நடுங்கிக்கொண்டிருந்தாள், அதனால் அப்படிச் சொன்னேன். எனக்கும் கேட்டது. உடனே கிளம்பு.